பதினான்காம் விதியும் பன்னிரண்டு பொட்டும்

டிபன் பாக்ஸ் மூடியில் சந்தனப் பொடியைக் கொட்டி, பன்னீர் விட்டு, மோதிர விரலால் குழைத்துக்கொண்டிருந்தாள் தேவசேனா. பன்னீர் அதிகமானால் வழியும், குறைந்தால் ஒட்டாது. களிம்பு குழைத்துப் பழகிய கை என்பதால் பதம் சரியாக வந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு திரையின் மேல் விளிம்பிலும் நடுவாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். பொட்டு வைக்கிற இடம் நெற்றி. கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று யாரும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

அந்த நெற்றியில் மிளகு அளவில் ஒரு கண்ணாடி இருந்தது. அது கேமரா. தேவசேனாவுக்கு அது தெரியும். ஆயுத பூஜை அன்று காலையில் அது நினைவுக்கு வரவில்லை. கூட நின்ற பதினோரு பெண்களுக்கும் வரவில்லை.

"பூஜ போட்ட மிஷின இன்னிக்கித் தொடக் கூடாதுக்கா," என்றாள் செங்கம்மா. அவள் வீட்டில் நான்கு விசைத்தறிகள். ஆயுத பூஜைக்கு அவை நிற்காமல் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

"அந்த ஊர் கெழவனுங்க இன்னிக்கி விழாம இருப்பானுங்களா?" என்றாள் தேவசேனா.

"அதுக்கில்ல. மொற ஒண்ணு இருக்குதில்ல."

"மிஷினு லீவுல இருக்கட்டும். நம்ம வேல செய்யலாம். பொரிய எட்தும் போய் அந்தாண்ட வெச்சிட்டு ஒக்காரு."

மேலாளர் சுரேஷ்பாபு தேங்காய் உடைத்தார். பிறகு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருமலைக்குக் கிளம்பிவிட்டார். மணி ஒன்பது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அந்த மையம் திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்தது. அங்கே நடக்கிற வேலையைப் புரிந்துகொள்ள மூன்று நாடுகளின் பெயர் தெரிந்தால் போதும். வெர்லானா ஒரு தீவு நாடு. அங்கே முதியவர்கள் அதிகம், பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. தனியாகத் தூங்குகிறவர்களின் கட்டிலுக்கு எதிரே ஓர் இயந்திரத்தை மாட்டிவிட்டார்கள். அது இரவு முழுக்கப் பார்த்து, இவர் தூங்குகிறார், இவர் விழுந்துவிட்டார், இவருக்கு மூச்சு சரியில்லை என்று முடிவு சொல்லும். அந்த இயந்திரத்தைச் செய்து விற்றது கோர்தாவியா. இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பலாமா என்று இரண்டு நாட்டுக்கும் தகராறு வந்து, பெல்மிரா என்ற மூன்றாவது நாட்டில் உட்கார்ந்து செயற்கை நுண்ணறிவுக்கு ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். நாற்பத்தொரு விதிகள். பதினான்காம் விதிதான் இந்த மாடியறைக்குச் சோறு போட்டது. மனித உடம்பைப் பற்றி இயந்திரம் எடுக்கும் எந்த முடிவையும், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்த பிறகே அது செல்லும் என்றது அந்த விதி.

அப்படிப்பட்ட மனிதர்கள் மூன்று நாடுகளிலும் போதுமான அளவு கிடைக்கவில்லை. திருப்பதியில் கிடைத்தார்கள். வெர்லானாவில் இரவு பத்து மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஒன்பது. அவர்கள் தூக்கத்தை இவர்கள் பகலில் விழித்திருந்து பார்த்தார்கள்.

படம் வரும். முகம் மட்டும் மங்கலாக இருக்கும். அது ஒன்பதாம் விதி. கீழே இயந்திரத்தின் முடிவு எழுதியிருக்கும். தொண்ணூறு நொடிக்குள் 'ஒப்பு' அல்லது 'மறுப்பு' பொத்தானை அழுத்த வேண்டும். உண்மையில் ஒரு மனிதர்தான் உட்கார்ந்து பார்க்கிறாரா என்பதைத் திரையின் மேலிருந்த கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கிறவரின் முகம் கேமராவில் தெரியவில்லை என்றாலும் வேலை நிற்காது, ஏனென்றால் யாராவது ஒரு கிழவி தரையில் கிடக்கலாம். பதிவேட்டில் மட்டும் 'மனிதர் இல்லை' என்று ஒரு வரி விழும். கூடவே மேலாளரின் போனுக்கு ஒரு செய்தி போகும்.

அன்றைக்கு மேலாளரின் போன் திருமலையில், கோயில் கவுன்டரில் துணிப்பையோடு ஒப்படைக்கப்பட்டிருந்தது. சாமி பார்க்கப் போகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வரிசை நீளம். மாலையில் அவர் போனைத் திரும்ப வாங்கியபோது அதில் இரண்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு செய்திகள் இருந்தன. ஆயுத பூஜை வாழ்த்துகள் என்று நினைத்து முதல் அரை மணி நேரம் அவர் எதையும் திறக்கவில்லை.

நடுவில் ஒரு காரியம் நடந்திருந்தது. பதினொன்றே காலுக்கு தேவசேனாவின் திரையில் ஒரு பெரியவர் வந்தார். வீட்டு எண் 4471. இயந்திரம் 'ஆழ்ந்த உறக்கம்' என்று சொல்லியிருந்தது. பெரியவர் மல்லாந்து கிடந்தார். மூச்சு சீராக இருந்தது. தேவசேனா 'ஒப்பு' மேல் அம்பைக் கொண்டுபோய், அழுத்தாமல் நிறுத்தினாள். போர்வை வலது பக்கம் முழுக்கச் சுருண்டு கால்மாட்டில் கிடந்தது. இடது பக்கம் மடிப்புக் கலையாமல், படுக்கப் போகும்போது விரித்தபடியே இருந்தது. கசகசப்பில் போர்வையை உதைக்கிறவன் இரண்டு காலாலும் உதைப்பான். இவருக்கு ஒரு கால் மட்டும் வேலை செய்திருக்கிறது.

'மறுப்பு' அழுத்தினாள். காரணம் கேட்கும் கட்டத்தில் 'பக்கவாதம், இடது பக்கம், உடனே ஆள் அனுப்பு' என்பதற்கான எண்ணைப் போட்டாள். பிறகு அடுத்த படம் வந்தது. அதையும் பார்த்தாள். மதியம் செங்கம்மா கொண்டுவந்த சுண்டலைத் தின்னும்போது அதைப் பற்றி யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. இந்த வேலையில் அது பெரிய செய்தி கிடையாது.

வெர்லானாவில் அது பெரிய செய்தியானது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவர் ஒரு காலத்தில் தபால் மந்திரியாக இருந்தவர். விசாரித்துப் பார்த்தால், 'மறுப்பு' விழுந்திருந்தது, ஆனால் அந்த நேரத்தில் திருப்பதியில் ஒரு மனிதரும் இல்லை என்று பதிவேடு சொன்னது. அன்று முழுக்கவே இல்லை. வெர்லானா, எங்கள் முதியவர்களை ஒரு நாள் முழுக்க இயந்திரத்திடம் விட்டுவிட்டீர்கள் என்றது. கோர்தாவியா வேறு மாதிரி பேசியது. இயந்திரம் தன் தவறைத் தானே திருத்திக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, ஆகவே நடுவில் மனிதர் எதற்கு, பதினான்காம் விதியை எடுத்துவிடலாம் என்றது. பெல்மிரா விசாரணை வைத்தது. மனிதர் இருந்தார் என்று நிரூபிக்க முடியாவிட்டால் திருப்பதி மையத்தின் அனுமதி போகும். விதியே போனால் இப்படி எந்த ஊரிலும் மையம் இருக்காது.

திருமலையிலிருந்து திரும்பிய சுரேஷ்பாபு வந்து பன்னிரண்டு நெற்றியையும் பார்த்தார். பொட்டுகள் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தன. பூஜைப் பொட்டைத் துடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஓரமாக உதிர்ந்த இடத்தில் மறுநாள் காலையில்தான் கேமராவுக்குக் கண் திறந்திருந்தது.

"எவரு பெட்டிந்தி இதி?" என்று கேட்டார். யார் வைத்தது என்பது அவர் கேள்வி.

"நான்தான் சார்," என்றாள் தேவசேனா.

அவள் நகரிக்காரி. வீட்டில் இரண்டு விசைத்தறி. கணவன் நாகபூஷணம் அவற்றை ஓட்டினான். முப்பத்தாறு வயதில் திருப்பதியில் ஆறு மாத நோயாளி பராமரிப்புப் பயிற்சி முடித்து, பதினோரு வருடம் சித்தூரிலும் திருப்பதியிலும் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டினாள், திருப்பிப் படுக்க வைத்தாள், புண்ணைக் கட்டினாள், ஒன்பது பேரைக் கடைசிவரை பார்த்து அனுப்பினாள். பத்தாவதாக வந்தவர் சித்தூரில் ஒரு வெல்ல மண்டிக்காரர், தொண்ணூற்றிரண்டு கிலோ. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகில் ஏதோ நகர்ந்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கினால் உங்களை இன்னொருத்தர் தூக்க வேண்டிவரும் என்றார். மாடியறை வேலை அதற்குப் பிறகு கிடைத்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை. அது போனால் மறுபடியும் யாரையாவது தூக்கத்தான் போக வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

விசாரணைக்கு முந்தின நாள் சுரேஷ்பாபு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளைக் கொடுத்தார்.

"அக்கா, இதச் சதிவி, படிச்சி சொன்னா போதும். 'கேமராவின் மீது எதிர்பாராத விதமாக வெளிப்பொருள் படிந்திருந்தது.' அவ்வளவுதான். பொட்டுன்னு சொல்லவேணாம்."

"ஏன் சார்?"

"படிஞ்சிதுன்னா தூசி. தூசி யார் தப்பும் இல்ல. பொட்டுன்னா நீங்க வெச்சீங்க. மூணு கன்ட்ரீஸ் கேட்டுக்கினு இருக்கும். அர்தமயிந்தா?"

"அர்த்தமாச்சி சார்."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மாலை ரயிலில் புத்தூர் தாண்டும்வரை அதைப் பற்றி யோசித்தாள். சித்தூரில் அவளோடு இரவு வேலைக்கு வந்த ஒரு பெண், நோயாளி கட்டிலிலிருந்து விழுந்ததை எழுதாமல் விட்டாள். பயம். காலில் வலி என்று அந்தக் கிழவி நான்கு நாள் முனகினாள். தைலம் தேய்த்தார்கள். ஐந்தாம் நாள்தான் இடுப்பெலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. நடந்ததை நடந்தபடி நோயாளியின் தாளில் எழுத வேண்டும் என்று பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். காரணம், அடுத்து வருகிறவள் அதைப் பார்த்துத்தான் நோயாளியைத் தொடுவாள்.

வீட்டில் நாகபூஷணத்திடம் சொன்னாள். அவன் தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த ஊர்ல ஆயுத பூஜ இல்லியா?"

"இல்ல."

"அப்ப அவங்க மிஷினு எப்டி ஓடுது?"

"ஓடுது."

"ம்," என்றான். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "பொட்டுன்னே சொல்லிடு. தூசின்னா, இந்தம்மா ஆபீசக் கூட்றதே இல்ல போலக்கிதுன்னு நெனப்பான்."

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் காணொளியில் விசாரணை. திரையில் மூன்று கட்டங்கள். நடுவில் பெல்மிராவின் தலைவர், சால்வை போர்த்திய வயதான அம்மாள். இடப்பக்கம் வெர்லானாவின் பிரதிநிதி. வலப்பக்கம் கோர்தாவியாவின் பிரதிநிதி, அவர் பின்னால் குட்டையாக முடி வெட்டிய ஓர் இன்ஜினியர் பெண். எல்லாரும் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு குரல் மட்டும் வந்தது. அந்தக் குரல் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல இருந்தது. தேவசேனாவுக்குப் பின்னால் செங்கம்மா, பவ்யா உட்பட பதினோரு பேரும் நின்றார்கள். சுரேஷ்பாபு கதவோரம் நின்று நகம் கடித்தார்.

முதலில் பன்னிரண்டு கேமராக்களும் அன்று பதிவுசெய்த படத்தைக் காட்டினார்கள். பன்னிரண்டும் மஞ்சள், நடுவில் சிவப்பு.

"இது என்ன?" என்றார் தலைவர்.

"பொட்டும்மா. சந்தனம், மேல குங்குமம். எங்க ஊர்ல வருசத்துக்கு ஒரு நாளு, சோறு போட்ற சாமானுக்கெல்லாம் பூஜ போட்டு நெத்தியில பொட்டு வெப்போம். நான்தான் வெச்சேன். கேமரா அங்க இருக்குதுன்னு தெரியும். அன்னிக்கி நெனப்பு வர்ல. தப்பு என்னுது."

மொழிபெயர்ப்புக் குரல் சற்று நேரம் எடுத்துக்கொண்டது. சுரேஷ்பாபு கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணாவது படம் பவ்யாது," என்று தேவசேனா சேர்த்துக்கொண்டாள். "குங்குமம் கொறஞ்சிட்ச்சி, அதான் வெளுப்பா இருக்குது."

"அதைப் பதிவில் சேர்க்க வேண்டுமா?" என்று குரல் கேட்டது.

"கேட்டாங்களேன்னு சொன்னேன்."

கோர்தாவியாவின் பிரதிநிதி தொண்டையைச் செருமினார். "அம்மையார் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் இருப்பது ஒரு பொட்டு. பொட்டுக்குப் பின்னால் மனிதர் இருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"பொட்டு தானா வெச்சிக்காது சார்."

"காலையில் வைத்திருக்கலாம். பிறகு எல்லாரும் விடுமுறைக்குப் போயிருக்கலாம். 4471-இல் இயந்திரமே தன் முடிவை மாற்றியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு அந்தத் திறன் உண்டு."

"அப்ப ஏன் மாத்திச்சின்னு அதக் கேளுங்க," என்றாள் தேவசேனா.

இன்ஜினியர் பெண் ஒரு பட்டியலை எடுத்தாள். மூச்சு, இதயத் துடிப்பு, தலையின் சாய்வு, கையின் கோணம் என்று இயந்திரம் பார்த்த முப்பத்தொரு விஷயங்கள். எல்லாம் சரியாகவே இருந்திருக்கின்றன. மாற்றியதற்கான காரணம் அதில் இல்லை. நுண்ணறிவு எப்போதும் தன் காரணத்தை வெளியே சொல்வதில்லை என்று பிரதிநிதி விளக்கினார். இது அவருக்கு வசதியான விளக்கம்.

"உங்கள் காரணம் என்ன?" என்று தலைவர் தேவசேனாவைக் கேட்டார்.

"அந்தப் படத்தப் போடுங்கம்மா."

போட்டார்கள். பெரியவர் மல்லாந்து கிடந்தார்.

"போர்வயப் பாருங்க. சோத்துக் கை பக்கம் சுருண்டு கெடக்குது. அந்தாண்ட பக்கம் மடிப்பு கூட கலயல. கசகசப்புல ஒதைக்கறவன் ரெண்டு காலாலயும் ஒதைப்பான். இவரு ஒரு காலாலதான் ஒதச்சிருக்காரு. இன்னொரு காலு வேல செய்ல. அதான் மறுத்தேன்."

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். வெர்லானாவின் பிரதிநிதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்கள் இயந்திரம் போர்வையைப் பார்க்குமா?" என்று தலைவர் கேட்டார்.

கோர்தாவியாவின் பிரதிநிதி, எல்லாவற்றையும் பார்க்கும் என்று சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்த இன்ஜினியர் பெண் முந்திக்கொண்டாள். "பார்க்காது. உடம்பின் கணக்குத் துல்லியமாக இருப்பதற்காகத் துணிகளை முதலிலேயே படத்திலிருந்து நீக்கிவிடுகிறோம். இயந்திரத்தின் கணக்கில் அந்த அறையில் போர்வையே கிடையாது."

பிரதிநிதி திரும்பி அவளைப் பார்த்தார். அவள் தன் குறிப்பேட்டைப் பார்த்தாள்.

"ஆகவே இந்தக் காரணத்தை இயந்திரம் சொல்லியிருக்க முடியாது," என்றார் தலைவர்.

"முடியாது."

"பார்த்தவர் மனிதர்."

"ஆமாம்," என்றாள் இன்ஜினியர். அவளுக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

செங்கம்மா பின்னாலிருந்து தேவசேனாவின் தோளைக் கிள்ளினாள். தேவசேனா அசையவில்லை, முதுகு வலித்தது, நாற்காலி சரியில்லை.

அனுமதி தொடரும், பதினான்காம் விதி இருந்த இடத்தில் இருக்கும் என்று தலைவர் அறிவித்தார். இதற்குப் பத்து நிமிடம் ஆனது. ஒன்றே முக்கால் மணி நேரம் பிடித்தது இணைப்பு ஒன்றை எழுதுவதற்கு. கேமராவின் மீது எதையும் வைக்கக் கூடாது என்று எழுத வேண்டும் என்பதில் மூன்று நாடுகளும் ஒத்துப்போயின. பொட்டு என்பதை எப்படி வரையறுப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. அது அலங்காரம் என்றது கோர்தாவியா. வழிபாடு என்றது வெர்லானா. வழிபாட்டைத் தடுத்தால் தங்கள் நாட்டின் வேறொரு சட்டம் குறுக்கே வரும் என்றது. பொட்டின் விட்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். தேவசேனா விரல் நுனியைக் காட்டினாள். அளந்து சொல்லச் சொன்னார்கள். பவ்யா ஸ்கேல் கொண்டுவந்தாள். ஒன்று புள்ளி நான்கு சென்டிமீட்டர்.

கடைசியில் தேவசேனாவே கேட்டாள். "அம்மா, வெக்கக் கூடாதுன்னு எய்தாதீங்க. தொடைக்கணும்னு எய்துங்க. வேல ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஒருத்தி ஈரத்துணியில தொடச்சிட்டு கையெழுத்துப் போடட்டும். அவ்ளோதான்."

அப்படியே எழுதினார்கள். உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பு அது: தினமும் வேலை தொடங்குமுன், பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர் கேமராக்களை ஈரத்துணியால் துடைத்துப் பதிவு செய்ய வேண்டும். பெயருக்கான இடத்தில் யாரைப் போடுவது என்று தலைவர் கேட்டார். பதினோரு பேரும் தேவசேனாவைக் காட்டினார்கள்.

ரயிலுக்கு நேரமாகியிருந்தது. சுரேஷ்பாபு தன் பைக்கில் அவளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.

"பொட்டுன்னு சொல்லிட்டீங்க," என்றார்.

"ஆமா சார்."

"பர்வாலேது, பரவால்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை தேவசேனா எட்டு நாற்பதுக்கே வந்தாள். ஒரு பழைய மல்துணியை நனைத்துப் பிழிந்து, பன்னிரண்டு கண்ணாடிகளையும் வட்டமாக, உள்ளிருந்து வெளியே துடைத்தாள். புண்ணைத் துடைக்கிற முறை அது. புதிதாக வாங்கி வைத்திருந்த நோட்டில் தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் சந்தனம் குழைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும், மின்கம்பிகள் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு பொட்டு வைத்தாள். முதுகைப் பற்றி இணைப்பில் எதுவும் எழுதவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் படம் வந்தது. ஒரு கிழவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். 'மனக்குழப்பம், உடனடி உதவி தேவை' என்றது இயந்திரம். தேவசேனா படத்தைப் பெரிதாக்கினாள். கட்டிலருகே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மட்டும் இருந்தது.

பல்செட்டைத் தேடுகிறாள். 'மறுப்பு' அழுத்தினாள்.